பூசணம் பூத்த வேர்க்கடலை: வறுத்தால் நஞ்சு போகுமா?

பர்மாவின் மௌல்மீனிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி, 9 ஜூன் 2019

அண்ணன், சென்ற மாதக் கடைசியில் ஐந்து வீசை வேர்க்கடலைப் பருப்பு வாங்கிச் சாக்கோடு சமையற்கட்டில் வைத்திருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் கழித்து அவிழ்த்தால் அங்கங்கே பச்சைத் தூள் படிந்திருக்கிறது. கழுவி, அடுப்படியில் உலர்த்தி, நன்றாக வறுத்துச் சட்னிக்கு அரைத்துவிட்டேன். கடைக்கு வந்தவர்களும் சாப்பிட்டார்கள், நாங்களும் சாப்பிட்டோம், யாருக்கும் வாந்தியோ பேதியோ இல்லை. "நெருப்பில் போட்ட பிறகு எந்தக் கிருமி பிழைக்கும்?" என்கிறார் என் கொழுந்தனார். கல்லூரியில் படிக்கும் மகளோ அது கல்லீரலைத் தின்னும் நஞ்சு என்கிறாள். நீங்கள் சரக்குப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். இருவரில் யார் சொல்வது சரி? மீதி மூன்று வீசை இருக்கிறது.

9 ஜூன் 2019, இரவு

மீதியைச் சமைக்க வேண்டாம். மற்றவை பிறகு.

கொழுந்தனார் கிருமியைப் பற்றிச் சொன்னது சரி, வறுசட்டியில் பூஞ்சை செத்துவிடும். ஆனால் பூஞ்சை தன் வாழ்நாளில் பருப்புக்குள் சுரந்து வைத்துவிட்டுப் போன பொருள் உயிருள்ளதல்ல. அதைக் கொல்ல முடியாது, சிதைக்கத்தான் வேண்டும். ஆஃப்ளடாக்சின் பி1 சிதைய ஏறத்தாழ 268 பாகை செல்சியஸ் வேண்டும். அந்தச் சூடு உங்கள் சட்டியில் வந்தால் கடலை கரியாகியிருக்கும். எனவே வறுப்பதால் ஒரு பயனும் இல்லை.

பெயர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. என்ன நோய் என்று தெரியாததால் அதற்கு 'எக்ஸ்' என்றே பெயரிட்டார்கள். தேடிக்கொண்டே போனதில் பிரேசிலிலிருந்து வந்த வேர்க்கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அதில் வளர்ந்திருந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையின் முதலெழுத்தையும் அடுத்த பெயரின் முன்பகுதியையும் ஒட்டி 'ஆஃப்ளடாக்சின்' என்று பெயர் வைத்தார்கள். உங்கள் சாக்கில் இருந்த பச்சைத் தூள் பெரும்பாலும் அதே குடும்பம்தான்.

உடலுக்குள் அது கல்லீரலில் வேதிவினைகளை நடத்தும் நொதிகளை அடைத்துக்கொண்டு வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. சுருக்கம் இவ்வளவே.

10 ஜூன் 2019, காலை

நேற்றிரவு தூக்கக் கலக்கத்தில் எழுதிய கடைசிப் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன். நொதியை அடைக்கிற நஞ்சுகள் வேறு. அவற்றுக்குப் பிறகு வருவேன். ஆஃப்ளடாக்சினின் கேடு, நம் நொதி தன் கடமையை ஒழுங்காகச் செய்வதால் வருவது. இதைப் படித்தறிந்த அன்று எனக்கு இரண்டு நாள் மனம் சரியாக இல்லை.

கல்லீரலுக்கு ஒரு பழக்கம் உண்டு. எண்ணெயில் கரையும் அந்நியப் பொருள் எது வந்தாலும், அதில் ஓர் ஆக்சிஜனை ஒட்டி, நீரில் கரையக்கூடியதாக மாற்றிச் சிறுநீர் வழியாகவோ பித்தம் வழியாகவோ வெளியே தள்ளப் பார்க்கும். ஆக்சிஜனை ஒட்டுகிற வேலை சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பத்துடையது. நாம் விழுங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றைக் கவனிப்பதும் அதுவே. ஆஃப்ளடாக்சின் பி1 வந்தால் அந்தக் குடும்பத்தில் 1ஏ2, 3ஏ4 என்ற எண்கள் கொண்ட இரு நொதிகள், அதன் எட்டாவது, ஒன்பதாவது கரியணுக்களின் நடுவே ஆக்சிஜனைப் பாலம்போல் பொருத்துகின்றன. அப்படிப் பிறக்கும் எப்பாக்சைடு நீரில் ஏறத்தாழ ஒரு விநாடிதான் தாங்கும். ஆனால் தட்டையான உருவம் கொண்டதால் டி.என்.ஏ.-யின் படிகளுக்கிடையே சீட்டுக்கட்டில் சீட்டைச் செருகியதுபோல் நுழைந்து, குவானின் என்ற எழுத்தின் ஏழாம் எண் நைட்ரஜனோடு ஒட்டிக்கொள்கிறது. அதற்கு அந்த ஒரு விநாடி போதும்.

ஒட்டியதைச் செல் பெரும்பாலும் பழுதுபார்த்துவிடும். பழுதுபார்க்கும் முன்பே செல் பிளவுபட்டால், பிரதி எடுக்கும்போது குவானின் இருந்த இடத்தில் தைமின் என்ற இன்னொரு எழுத்து உட்காருகிறது. இந்த எழுத்துப்பிழை எங்கு வேண்டுமானாலும் விழலாம். ஆனால் பி53 என்ற புரதத்தை எழுதும் மரபணுவின் 249-ஆவது சொல்லில் விழுந்தால், அர்ஜினின் என்ற அமினோ அமிலம் வரவேண்டிய இடத்தில் செரின் என்ற வேறொன்று வந்துவிடும். சேதமடைந்த செல்லைப் பிளவுபடாமல் நிறுத்தி வைப்பது பி53-இன் வேலை. அந்தக் காவல் அதோடு போய்விடுகிறது. சீனத்திலும் தென்னாப்பிரிக்கப் பகுதியிலும் கல்லீரல் புற்றுநோய்க் கட்டிகளை ஆராய்ந்த இரு குழுக்கள் 1991-இல் தனித்தனியே இதே இடத்தில் இதே பிழையைக் கண்டன. நஞ்சு தன் கைரேகையை விட்டுச் சென்றதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

தப்பிக்க வழியே இல்லையா என்றால், உண்டு. குளூட்டதயோன் என்ற சிறு மூலக்கூறை எப்பாக்சைடின்மேல் ஒட்டி அதைச் சாதுவாக்கும் இன்னொரு நொதி இருக்கிறது. சுண்டெலிக்கு இந்த நொதி மிக வலுவானது. அதனால் ஆஃப்ளடாக்சின் அதை எளிதில் அசைப்பதில்லை. பெரிய எலிக்கு அது வலுவற்றது, விரைவில் புற்றுநோய் வருகிறது. சுண்டெலியில் அந்த ஒரு மரபணுவை நீக்கிப் பார்த்தபோது அதுவும் நஞ்சுக்குத் தாழ்ந்துபோனது. இந்த விஷயத்தில் மனிதனை எலியின் பக்கத்தில் வைக்கலாமே தவிர, சுண்டெலியின் பக்கத்தில் அல்ல.

10 ஜூன் 2019, மதியம்

மேலே எழுதியதைப் படித்த பிறகு, நொதிகளைப் பற்றி முதல் நாள் சொன்னது முழுப்பொய்யும் அல்ல என்று படுகிறது. டி.என்.ஏ.-யை எட்டாத எப்பாக்சைடு நீரோடு சேர்ந்து வேறு வடிவம் எடுத்து, புரதங்களில் லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடங்களைப் பிடிக்கிறது. இரத்தத்தில் ஓடும் ஆல்புமின் என்ற புரதம் அப்படிக் கறைபட்டு வாரக்கணக்கில் சுற்றுவதால்தான், ஒருவர் கடந்த ஒன்றிரண்டு மாதத்தில் எவ்வளவு நஞ்சு உண்டார் என்பதை ஒரு சொட்டு இரத்தத்திலிருந்து கணிக்க முடிகிறது. கல்லீரல் செல்லுக்குள் நொதிகளும் புரதங்களே; அவற்றுக்கும் அதே கதி. டி.என்.ஏ. கறைபட்டால் அதைப் படித்து ஆர்.என்.ஏ. எழுதும் வேலையும் தடைபட்டு, புதுப் புரதம் செய்வது குறைகிறது. கொழுப்பை ஏற்றி அனுப்பும் புரதம் குறைந்தால் கல்லீரலில் கொழுப்பு தேங்கும், இரத்தம் உறையவைக்கும் புரதம் குறைந்தால் கசியும்.

'வறுப்பதால் ஒரு பயனும் இல்லை' என்றதையும் திருத்த வேண்டும். வறுத்தால் ஓரளவு குறைகிறது. எவ்வளவு என்பது சூடு, நேரம், பருப்பின் ஈரம் ஆகியவற்றைப் பொறுத்தது. வறட்டுச் சூட்டைவிட ஈரச் சூட்டில் அதிகம் சிதைகிறது. ஆனால் குறைவது வேறு, போவது வேறு. கொழுந்தனாரிடம் 'ஓரளவு குறைகிறது' என்பதை மட்டும் படித்துக் காட்டாதீர்கள்.

12 ஜூன் 2019

வாந்தி ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஒரே நேரத்தில் மிகுதியாக உள்ளே போனால் உடனடியாகத் தெரியும். 1974-இல் ராஜஸ்தானத்துப் பான்ஸ்வாராவிலும் குஜராத்தின் பஞ்சமகாலிலும் அறுவடை நேரத்தில் பருவம் தப்பிப் பெய்த மழையில் மக்காச்சோளம் நனைந்தது. வேறு தானியம் இல்லாத ஏழை வீடுகள் அதையே வாரக்கணக்கில் உண்டன. மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர்க்கோவையும் கண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த வீடுகளில் மிச்சத்தை உண்ட நாய்களும் செத்தன. 2004-இல் கென்யாவில் இதுவே திரும்ப நடந்தபோது 317 பேர் நோயுற்று 125 பேர் இறந்தார்கள்.

நம் சட்னியில் கிடைப்பது அந்த அளவு அல்ல, சிறிது சிறிதாக ஆண்டுக்கணக்கில் கிடைப்பது. வயிற்றை அது குமட்டாது, நாக்கில் கசக்காது. சொத்தைக் கடலை கசப்பது எண்ணெய் கெட்ட காறலால், நஞ்சால் அல்ல. எனவே 'ஒன்றும் ஆகவில்லை' என்பது சான்று ஆகாது. ஒருமுறை உண்டதற்காக அஞ்சவும் வேண்டாம். அந்த ஒரு பிழை செல்லில் நிலைபெற வேண்டும், பிறகு பல படிகள் கடக்க வேண்டும். அதற்கு இருபது முப்பது ஆண்டு ஆகலாம்.

ஆனால் ஒரு கூட்டாளி உண்டு. மஞ்சள் காமாலை 'பி' (ஹெபடைடிஸ் பி) கிருமி இருக்கும் கல்லீரலில் செல்கள் செத்துச் செத்துப் பிறந்துகொண்டே இருக்கும். பழுதுபார்க்க நேரமில்லாமல் பிளவுபடும் செல்லில்தான் எழுத்துப்பிழை நிலைக்கிறது என்று மேலே எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள். ஷாங்காயில் 18,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1992-இல் முதல் முடிவை வெளியிட்டார்கள். நஞ்சின் அடையாளமும் கிருமியும் இரண்டும் இருந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு, இரண்டும் இல்லாதவர்களைவிட ஏறத்தாழ 60 மடங்கு. தனித்தனியே இருந்தவர்களுக்கு ஒற்றை இலக்க மடங்குதான். பர்மாவில் 'பி' கிருமி அரிதல்ல. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பார்ப்பது, கடலை பொறுக்குவதைவிடப் பெரிய காப்பு.

13 ஜூன் 2019, வாசகி

அண்ணன், எங்கள் வீட்டில் அவருக்கு 'பி' இருக்கிறது என்று மூன்று ஆண்டுக்கு முன் இரத்தப் பரிசோதனையில் சொன்னார்கள். அந்த மூன்று வீசையை இன்று ஒதுக்கிவிட்டேன். மாமியாருக்கு மனமில்லை. காப்பி, அரிசி, கரும்புச்சாறு எல்லாவற்றிலும் இதே நஞ்சுதான் வருமா?

15 ஜூன் 2019

மாமியாருக்கு மனமில்லாதது நியாயமே, வீசைக் கணக்கில் எறிவது யாருக்கு இனிக்கும்? உங்கள் வீட்டுக்காரரை மருத்துவரிடம் ஆண்டுக்கு ஒருமுறையாவது காட்டுங்கள். இந்த இழையில் எழுதுவது எதுவும் அதற்கு ஈடாகாது.

நீங்கள் கேட்டதில் நச்சு வேறு வேறு. இங்கேதான் நொதியை அடைக்கும் கூட்டம் வருகிறது. இவற்றில் பல, செல்லுக்கு முன்பே பழக்கமான ஒரு பொருளின் சாயலில் வந்து, அந்தப் பொருளுக்கென்று நொதி வைத்திருக்கும் இருக்கையில் உட்கார்ந்துவிடுகின்றன. திருமண வீட்டில் மாப்பிள்ளைத் தோழனைப்போல் உடுத்து வந்து முதல் பந்தியில் உட்காருபவனைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதேதான்.

காப்பிக்கொட்டை ஈரத்தோடு கிடந்தால் ஓக்ராடாக்சின் ஏ வரலாம். தென்னாப்பிரிக்காவில் 1965-இல் பிரித்தெடுத்தார்கள். அதன் உடலில் பாதி ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலமே. அந்த அமினோ அமிலத்தைப் புரத ஆலைக்கு ஏற்றி அனுப்பும் நொதி, இதை அதுவென்று எண்ணிப் பிடித்துக்கொள்வதால் புரதம் கட்டுவது தடைபடுகிறது. இரத்தத்தில் ஆல்புமினோடு இறுக ஒட்டிக்கொள்வதால் மனித உடலில் அதில் பாதி நீங்கவே ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அடி விழுவது சிறுநீரகத்தில்.

மக்காச்சோளத்தில் வரும் ஃபியூமோனிசினும் தென்னாப்பிரிக்கக் கண்டுபிடிப்பே, 1988. செல்லின் சவ்வுக்குத் தேவையான ஸ்பிங்கனின் என்ற நெடுஞ்சங்கிலிப் பொருளின் சாயல் அதற்கு. ஸ்பிங்கனினிலிருந்து செராமைடு என்ற சவ்வுக் கொழுப்பைக் கட்டும் நொதியை அது அடைத்ததும், ஒரு பக்கம் ஸ்பிங்கனின் குவிகிறது, இன்னொரு பக்கம் செராமைடு வற்றுகிறது. டி.என்.ஏ.-யை அது தொடுவதே இல்லை. அப்படியிருந்தும் பூசணம் பூத்த சோளம் தின்ற குதிரைக்கு மூளையின் வெள்ளைப் பகுதி கூழாகிவிடுகிறது. ஏன் குதிரைக்கு மூளை, பன்றிக்கு நுரையீரல் என்று உறுப்பு மாறுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அழுகிய ஆப்பிளில் வரும் பாட்டுலின் வேடமெல்லாம் போடுவதில்லை. கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த முனை எந்த நொதியில் கண்டாலும் கவ்வும், குளூட்டதயோனையும் தீர்க்கும். 1940-களில் இதைச் சளிக்கு மருந்தாக்க இங்கிலாந்தில் முயன்று பார்த்துக் கைவிட்டார்கள்.

16 ஜூன் 2019

கரும்பை மறந்துவிட்டேன். நான் சொன்ன வேடத்துக்கு எல்லாவற்றிலும் தெளிவான எடுத்துக்காட்டு அதுவே.

சீனத்தில் தெற்கே விளையும் கரும்பை வடக்கே கொண்டுபோய்க் குளிர்காலம் முழுதும் அடுக்கி வைத்து, வசந்தத்தில் விற்பார்கள். உள்ளே பூஞ்சை பிடித்து, சோறு எனப்படும் உட்சதை சிவந்த கரும்பைக் கடித்த பிள்ளைகள் சில மணி நேரத்தில் வாந்தியெடுத்து, வலிப்புக் கண்டு, பிழைத்தவர்களில் சிலர் கைகால் முறுக்கிக்கொள்ளும் நிலையோடு வாழ்நாளைக் கழித்தார்கள். 1972 முதல் இப்படிப் பல நூறு பேர். காரணம் 3-நைட்ரோபுரோபியோனிக் அமிலம். செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் உணவை ஆற்றலாக்கும் சுழற்சியில் சக்சினிக் அமிலம் என்று ஒன்று உண்டு. இதன் வடிவம் கிட்டத்தட்ட அதுவே. சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி ஏமாந்து இதைப் பிடிக்கிறது, பிடித்த பிறகு விட முடிவதில்லை. ஆற்றல் பசி மிகுந்த மூளை நடுப்பகுதி முதலில் பட்டுப்போகிறது.

நம் தெருவில் பிழிவது பெரும்பாலும் வெட்டிய சில நாட்களுக்குள். பிழிபவர் கரும்பைச் சீவும்போது ஒரு பார்வை பாருங்கள். உட்சோறு வெள்ளையாக இருந்தால் குடியுங்கள், செங்காவி ஓடியிருந்தாலோ புளித்த வாடை வந்தாலோ வேண்டாம்.

ஓக்ராடாக்சின் பற்றி நேற்று எழுதியதிலும் சற்று அவசரப்பட்டேன். அமினோ அமிலப் போட்டி உண்மை. சுண்டெலிக்கு ஃபினைல்அலனினைச் சேர்த்துக் கொடுத்தபோது நஞ்சு தணிந்ததையும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் சிறுநீரகக் கேடு முழுவதையும் அந்த ஒரு நொதியின்மேல் ஏற்றிவிட முடியாது. செல்லுக்குள் ஆக்சிஜன் சார்ந்த சேதமும் அதில் சேர்கிறது. ஒரு நச்சுக்கு ஒரு பூட்டு என்று எழுதினால் படிக்க அழகாக இருக்கும். செல் அப்படிக் கட்டப்படவில்லை.

21 ஜூன் 2019

அரிசி. இதில் நம் ஊர்ப் பெயரும் அடிபடுகிறது.

1951-ஆம் ஆண்டு இறுதியில் பர்மாவிலிருந்து ஜப்பானுக்குக் கப்பலில் போன அரிசியைத் துறைமுகத்தில் பரிசோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பூஞ்சையால் மஞ்சள் பூத்திருப்பது தெரிந்து கிடங்கிலேயே முடக்கினார்கள். போருக்குப் பிறகு அரிசிப் பஞ்சத்தில் இருந்த நாடு அது. அந்த அரிசியைத் தீட்டிப் பங்கீட்டில் கொடுக்கலாமா என்பது 1954-இல் பெரிய கொந்தளிப்பாக முடிந்தது.

ஜப்பானியர் இதில் அவ்வளவு கூருணர்வோடு இருந்ததற்குப் பழைய காரணம் இருந்தது. பூசணம் பூத்த அரிசியிலிருந்து சாராயத்தில் வடித்தெடுத்த சாற்றை விலங்குகளுக்குக் கொடுத்தால் வாதம் கண்டு சாகின்றன என்று சகாகி என்பவர் 1891-இலேயே காட்டியிருந்தார். தயமின் வைட்டமின் குறைவால் வருவதாக இன்று நாம் அறியும் பெரிபெரி நோயில், இளைஞர்களை ஓரிரு நாளில் கொல்லும் இதய வகை ஒன்று அந்நாட்டில் இருந்தது. 1910-இல் அரிசிப் பரிசோதனை கடுமையானதும் அது சட்டென்று குறைந்தது, அப்போது தயமின் வைட்டமினை யாரும் மாத்திரையாகக் கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் என்று பிறகு ஐயுற்ற அரிசிப் பூஞ்சையின் நஞ்சு சிட்ரியோவிரிடின். மைட்டோகாண்ட்ரியாவில் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் நாணயத்தை அச்சடிக்கும் நொதியிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. அச்சகம் நின்றால் ஓய்வில்லாத இதயம் முதலில் தடுமாறுவது இயல்பு.

இதைப் படித்தபோது என் கொள்ளுத்தாத்தாவை நினைத்துக்கொண்டேன். இரங்கூன் அரிசி ஆலையொன்றில் மூட்டை தூக்கினார். கூலிக்காரர்கள் உண்டது புழுங்கல். அவித்த நெல்லில் தவிட்டின் தயமின் உள்ளே இறங்கிவிடுவதால் பெரிபெரி அணுகாது; மலாயாவில் பச்சரிசி உண்ட சீனருக்கு வந்த நோய் புழுங்கல் உண்ட தமிழருக்கு வராததைக் கண்டு, பழைய பச்சரிசியில் ஏதோ பூஞ்சை நஞ்சு இருக்க வேண்டும் என்று பிராடன் என்ற மருத்துவர் 1900-களின் தொடக்கத்தில் வாதிட்டார். பிறகு குறை தயமினில்தான் என்று தெரிந்ததும் அவர் தோற்றவர் ஆனார். முழுக்கத் தோற்றவரா என்பதில் எனக்கு ஐயம். 2006-இல் பிரேசிலின் மரான்யாவ் மாநிலத்தில் பெரிபெரி பரவியபோது, அங்குள்ள அரிசியில் சிட்ரியோவிரிடின் சுரக்கும் அதே பூஞ்சையைக் கண்டார்கள்.

22 ஜூன் 2019

நேற்றைய குறிப்பைப் படிப்பவர்கள், பர்மா அரிசியில் இருந்தது சிட்ரியோவிரிடின் என்று எண்ணிவிடக்கூடும். நான் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் சொன்னதுபோல் தொனிக்கிறது. மஞ்சள் அரிசி ஒரே பூஞ்சையின் வேலை அல்ல. பெனிசிலியம் என்று அன்று வகைப்படுத்திய பூஞ்சைகளிலேயே ஒன்று சிட்ரினின் சுரந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஒன்று லூட்டியோஸ்கைரின் சுரந்து கல்லீரலைக் கெடுக்கும், மூன்றாவதுதான் இதயக்காரன். நிறம் மூன்றுக்கும் மஞ்சள். கொள்ளுத்தாத்தா தூக்கிய மூட்டைகளுக்கு நான் பொறுப்பேற்க இயலாது.

30 ஜூன் 2019

இதை எழுதலாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன்.

பரிசோதனைக் கூடத்தில் இருந்த காலத்தில் என் வேலை மக்வே பக்கத்திலிருந்து வரும் வேர்க்கடலை மாதிரிகளை அரைத்து, குளோரோஃபாம் ஊற்றி நஞ்சை இறக்கி, சிலிக்கா பூசிய தட்டில் ஓடவிட்டு, இருட்டறையில் புற ஊதா விளக்கின்கீழ்ப் பார்ப்பது. நீலமாக ஒளிர்ந்தால் பி வகை, பச்சையாக ஒளிர்ந்தால் ஜி வகை. அந்த எழுத்துகளே ஆங்கில நிறப் பெயர்களிலிருந்து வந்தவை. ஐரோப்பா நேரடியாக உண்ணும் கடலைக்கு வைத்த எல்லை கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். சர்வதேச உணவுத் தர ஆணையம் பதப்படுத்தப் போகும் கடலைக்கு வைத்தது 15. ஒரு டன்னில் ஒரு சிட்டிகைகூட வராத அளவு அது.

எல்லை தாண்டிய சரக்கு என்ன ஆனது என்று அப்போது நான் கேட்கவில்லை. வேலையை விட்டு, பகோவில் மாமனாரின் செக்கைப் பார்த்துக்கொண்ட பிறகு தெரிந்தது. மலிவாக வரும் கழிவுக் கடலையை நானே வாங்கி ஆட்டினேன். எண்ணெயில் நஞ்சு அதிகம் இறங்காது என்பது எனக்குத் தெரியும், அது உண்மையும்கூட. பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கிவிடும், எண்ணெயைச் சுத்திகரித்தால் மீதியும் பெரும்பாலும் போய்விடும். மனச்சான்று சுத்தம் என்று எண்ணினேன். புண்ணாக்கை யாருக்கு விற்றேன்? பக்கத்துப் பால்மாட்டுக்காரருக்கு. பசுவின் கல்லீரல் பி1-இல் ஒரு பகுதியை எம்1 என்ற இன்னோர் ஆஃப்ளடாக்சினாக மாற்றி, ஒரு நாளுக்குள் பாலில் விடும். உண்டதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு பாலுக்கு வரும், கறவை மிகுந்த பசுவில் ஆறு வரை. அந்தப் பால் என் வீட்டுக்கும் வந்தது. என் இளைய மகளுக்கு அப்போது இரண்டு வயது.

செக்கை நிறுத்தினேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். நிறுத்தவில்லை. கழிவுக் கடலை வாங்குவதை நிறுத்த எனக்கு இன்னும் ஓராண்டு ஆயிற்று.

3 ஜூலை 2019

கொழுந்தனார் புற ஊதா டார்ச்சு ஒன்று வாங்கிக் கடலைமேல் அடித்துப் பார்க்கிறாராம், ஒளிராததை எல்லாம் உண்ணலாம் என்கிறாராம். என் முந்தைய குறிப்புதான் காரணம், குற்றம் என்னுடையது. நான் பார்த்தது பிரித்தெடுத்துத் தட்டில் ஓடவிட்ட நஞ்சை. முழுப் பருப்பின் மேல் அடிக்கும்போது அந்த அளவு நஞ்சு கண்ணில் படாது. மக்காச்சோளத்தில் தெரியும் பச்சை மஞ்சள் ஒளிகூட அதே பூஞ்சையின் வேறொரு பொருளான கோஜிக் அமிலத்திலிருந்து வருவது. நஞ்சு இருக்கலாம் என்று ஐயப்பட உதவும், இல்லை என்று சொல்ல உதவாது. கள்ளநோட்டுப் பார்க்க டார்ச்சை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

7 ஜூலை 2019

இனி வாங்கும்போது என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நஞ்சு மூட்டை முழுதும் சமமாகப் பரவியிருப்பதில்லை, சில பருப்புகளில் குவிந்திருக்கும். ஆலைகளும் இதையே நம்பி இயந்திரக் கண்ணால் நிறம் பார்த்துப் பிரிக்கின்றன. முறத்தில் பரப்பி, சூம்பியது, சுருங்கியது, நிறம் மாறியது, தோல் கருத்தது, பூச்சி துளைத்தது, உடைந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தால், வறுப்பதைவிடப் பல மடங்கு பயன். லேசாக வறுத்துத் தோலை உரித்துவிட்டுப் பார்த்தால் உட்பருப்பின் பழுப்பு இன்னும் நன்றாகத் தெரியும்.

மௌல்மீன் மழை ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அங்கே சாக்கில் வைப்பது வேண்டாம். மழைக்கு முன் தோடோடு வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உடையுங்கள். தோடு எளிதில் உடையட்டும் என்று தண்ணீர் தெளிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், நஞ்சுக்கு அழைப்பு அதுவே. பருப்பு ஈரம் நூற்றுக்கு ஏழுக்குக் கீழே இருக்க வேண்டும். அதை அளக்கக் கருவி வேண்டும் என்றாலும், மிக ஈரமானதைக் கண்டுபிடிக்கச் சோளம் விற்பவர்கள் செய்யும் ஒரு வழி உண்டு: உலர்ந்த கண்ணாடிக் குப்பியில் ஒரு பிடி தானியமும் கொஞ்சம் காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்கி வைத்தால், பத்து நிமிடம் கழித்து உப்பு கண்ணாடியில் ஒட்டியிருந்தால் ஈரம் மிகுதி.

9 ஜூலை 2019, வாசகி

புதிதாக வாங்கிய ஒரு வீசையில் பொறுக்கியது இரண்டு கைப்பிடி வந்தது, அண்ணன். பழைய மூன்று வீசையும் அப்படியே இருக்கிறது. மாமியார் கோழிக்குப் போடலாமே என்கிறார்.

9 ஜூலை 2019, இரவு

போட வேண்டாம். கோழி தாங்கினாலும் முட்டை குறையும், ஈரலில் தங்கும், அந்த ஈரல் உங்கள் குழம்புக்கு வரும். பக்கத்து வீட்டார் வாத்து வளர்த்தால் அவர்கள் கைக்கும் போகாமல் பாருங்கள். 1960-களில் நஞ்சு இருக்கிறதா என்று கண்டறிய, சாற்றை ஒரு நாள் வயது வாத்துக்குஞ்சுக்கு ஊட்டித்தான் பார்த்தார்கள். மிகக் குறைவான அளவுக்கே அது செத்துவிடும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள், பசு மேயாத இடமாக.